தோள் உயரத்தில்

"நாலு கம்பியையும் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று ருஃபைதா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

ஏணியில் நின்ற யாசிர் கீழே பார்க்காமலே சொன்னான். "கழற்ற முடியாதுக்கா. கால்ல துளை போட்டு, கம்பிய விட்டு, பசை ஊத்தியிருக்கோம். அறுக்கத்தான் வேணும். அவசரப்பட்டா மரம் பொளந்துடும். நாளைக்கு மத்தியானம்னா பாக்கலாம்."

மணி இரண்டு. அவளுடைய வாப்பா பக்ரி விடிகாலையில் மவுத்தாகியிருந்தார். பிற்பகல் அஸர் தொழுததும் அடக்கம். அவரைச் சுமக்க வேண்டிய மரச் சந்தூக்கு, ஜித்தாவின் பழைய நகரத்தில் புதிதாக எழும்பிய இந்த அருங்காட்சியகத்தின் மாடிக் கூடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கித் தர மேலிடம் உடனே சம்மதித்துவிட்டது. அதுவரைக்கும் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

தெருப் பள்ளிவாசலின் சந்தூக்கு அது. நாற்பது வருஷம் அதைப் பார்த்துக்கொண்டவர் பக்ரி. எண்ணெய் போடுவார், தளர்ந்த கட்டையை இறுக்குவார், மவுத்து விழுந்த வீட்டுக்குத் தானே சுமந்துபோய்க் கொடுப்பார். தெருவை இடித்துக் கலை வளாகம் கட்டியபோது சனம் திசைக்கொன்றாகப் பிரிந்தது. அவர் வடக்கே ஒரு ஐந்தாம் மாடிக்குப் போனார். ருஃபைதாவுக்கு இங்கே வேலை கிடைத்தது. சேர்ந்த ஆறாம் மாதம் அவள்தான் போய், சந்தூக்கை அருங்காட்சியகத்துக்குத் தரச் சொல்லிக் கேட்டாள்.

"எடுத்துக்கோ. ஆனா அமானிதமாத்தான் தர்றேன்," என்றார். "எனக்குன்னு ஒரு நாள் வரும்ல? அன்னிக்குத் திருப்பி அனுப்பணும்."

"அதுக்கென்ன வாப்பா, நானே அனுப்புறேன்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்! தரையில் வைத்தால் கட்டில் மாதிரி இருக்கும், தோள் உயரத்தில் தொங்கட்டும் என்று யோசனை சொன்னதும் அவள்தான். எல்லோரும் பாராட்டினார்கள். துளை போட அனுமதித்த தாளில் கையெழுத்தும் அவளுடையது. பாவி, அன்றைக்கு வாப்பாவின் நினைப்பே வரவில்லை.

தம்பி மாஜித் போனில் வந்தான். "குளிப்பாட்டி கஃபன் துணி சுத்தியாச்சு. சந்தூக்கு வருதா இல்லையா?"

"நாளைக்குன்னா…"

"நாளைக்கா? உன் மியூசியத்துக்காக வாப்பாவ அப்படியே போட்டு வைக்கணுமா? நல்லா இருக்கு போ! ஆஸ்பத்திரி ஸ்டீல் சந்தூக்கு இருக்கு, அதுல கொண்டு வர்றேன்."

"மாஜித், வாப்பா கேட்டது…"

"அத அன்னிக்கு நெனச்சிருக்கணும்." வைத்துவிட்டான்.

அழுகை வரும் என்று நின்றாள். வரவில்லை. விளக்கப் பலகையில் தூசி தெரிந்தது. முக்காட்டு நுனியால் துடைத்தாள். யாசிர் ஏணியை மடக்கித் தூக்கிக்கொண்டு போனான். அடக்கம் நடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் அவள் அங்கேயே இருந்தாள்.

அஸருக்குப் பிறகு ஜன்னலுக்குக் கீழே அவர்கள் வந்தார்கள். வளாகத்துக்குள் வண்டி விடமாட்டார்கள். சதுக்கத்தைத் தாண்டித்தான் மையவாடி. ஸ்டீல் சந்தூக்கில் வெயில் பளிச்சென்று அடித்தது. சுமந்தவர்கள் நான்கு பேர், பின்னால் இரண்டு பேர்.

முன்பெல்லாம் மய்யித்து போகிறதென்றால் கடைக்காரர்கள் தராசைப் போட்டுவிட்டு ஓடிவருவார்கள். முன்பின் தெரியாதவனும் ஏழெட்டு அடி தோள் கொடுத்துவிட்டு அடுத்தவனிடம் விடுவான். இன்றைக்குத் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நின்றது; சதுக்கம் முழுக்க வெளியூர் முகங்கள். அவர்கள் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவன் தொப்பியைக்கூடக் கழற்றினான். மாஜித் தானே வலத்தோளிலிருந்து இடத்தோளுக்கு மாறிக்கொண்டான்.

ருஃபைதா ஜன்னலை விட்டு வந்தாள். தொங்கிய சந்தூக்கின் முன்தண்டுக்குக் கீழே நுழைந்து தோளைக் கொடுத்தாள். உடனே எச்சரிக்கை மணி அலறியது.

காவலர் சிராஜ் ஓடிவந்தார். அவளுடைய தெருவில் மொச்சைக் கடை வைத்திருந்தவர். வேலை முடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்ததால் அவராலும் கீழே போக முடியவில்லை. மணியை நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"தொடக் கூடாதுதான், தெரியும் சாச்சா," என்றாள்.

"ஒத்தப் பக்கமா தூக்கக் கூடாதும்மா," என்று சொல்லிவிட்டு, மறுபக்கத் தண்டுக்குக் கீழே போய் நின்றுகொண்டார்.

கம்பிகள் கெட்டியாகப் பிடித்திருந்தன. தோளில் பாரமே தெரியவில்லை.