மேல்மடுத் தண்ணீர்

நண்டின் நெற்றியில் இரண்டு குட்டிக் கொம்புகள் உண்டு. மோப்பம் பிடிப்பது அவற்றால்தான். குமாரசிங்கம் ஒன்றைக் கத்தரித்து, அதன் நரம்பிழையை வெள்ளிக் கம்பியில் தொடுத்து, தண்ணீர் ஓடும் கண்ணாடிக் குழலில் வைப்பார். மீன்சாறு ஒரு சொட்டு விட்டால் கம்பியோடு இணைத்த ஒலிபெருக்கி கடுகுபோல் பொரியும். சாறு வீரியமானால் பொரிவும் அடர்த்தியாகும். மணம் எவ்வளவு என்பதை மணநுகர் கலம், அதாவது மோப்ப உயிரணு, அப்படித்தான் மூளைக்குச் சொல்கிறது. பொரிவை எண்ணிக் கோடாக வரைந்து கொடுத்தால் பல்கலைக்கழகம் பட்டம் தரும். அதன்பிறகு அந்த யாழ்ப்பாணத்து மனிதர் பதுளையில் விலங்கியல் வாத்தியாராக இருக்க வேண்டியதில்லை.

நண்டு கொண்டுவருபவள் வேலாயி. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். ஆட்கள் காணாமற்போன அந்தத் தொண்ணூறாம் ஆண்டு ஆடியில், ஹாலிஎலச் சந்தியில் நின்ற அவள் புருஷன் கணபதியை யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். உடல் கிடைக்காமல் கருமாதி செய்ய முடியாது. தாலியைக் கழற்றவும் முடியாது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் அவள் பொட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.

“பொணத்தக் காட்டிட்டாங்கன்னா போதும் சார்,” என்பாள். “அழுது முடிச்சிருவேன்.”

கீழே ஓடை வற்றியதும், மேலே பாறையடியில் தேங்கிய மேல்மடுவில் பிடித்து ஒரு வாளி கொண்டுவந்தாள்.

“இதென்ன, இவ்வளவு பெரிசாய்க் கிடக்கு?”

“கொழுத்துப் போச்சுங்க சார். நேத்து ரசம் வச்சேன், லயமே மோப்பம் புடிச்சு வந்திருச்சு. என்னயப் பாத்துச் சிரிச்சவளுகதான் மொதல்ல கிண்ணத்த நீட்டுனாளுக.”

அன்று பாடசாலைக் குழாயில் தண்ணீர் இல்லை. வாளித் தண்ணீரையே வடிகட்டிக் குழலில் ஓடவிட்டார். இளஞ்சாற்றுக்குச் சத்தமில்லை. நடுத்தரத்துக்கும் இல்லை. மிக வீரியமான போத்தலுக்குத்தான் பொரிந்தது. நண்டு பழுது என்று எறியப் போனார். அதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட, மாற்றிப் பார்த்தார். இளஞ்சாற்றுக்கே பொரிந்தது. திரும்ப வாளித் தண்ணீரை விட்டார். மௌனம்.

நண்டில் பிழையில்லை. எந்நேரமும் சூழ்ந்திருக்கும் மணத்தைக் கலம் சொல்லாமல் விட்டுவிடும். அதற்கு மேலாக வருவதையே சொல்லும். வாளித் தண்ணீரில் ஏற்கெனவே இறைச்சி ஊறியிருந்தது, மனித மூக்குக்கு எட்டாத அளவில்.

தோட்டத்தில் மாடு தொலைந்ததாக எவரும் சொல்லவில்லை. ஆள்தான் தொலைந்திருந்தான்.

குமாரசிங்கம் பென்சிலைச் சீவினார். பிறகு வரைதாளில், பழைய கோட்டுக்கு வலப்புறம் தள்ளி, இரண்டாம் கோட்டின் முதற்புள்ளியை வைத்தார். அதே வடிவில், நகர்ந்து வரப்போகும் கோடு. முதலாவதைவிட இதுவே பட்டத்துக்குப் பெறுமதி. இன்னும் நண்டு வேண்டும். மடுவும் கலங்காமல் இருக்க வேண்டும்.

அடுத்த வாளியோடு வந்தபோது வேலாயி கேட்டாள்.

“கொஞ்சம் மேல ஏறிப் பாக்கட்டா சார்? பாறைக்கு அங்கிட்டு இன்னும் பெரிசா இருக்கும்.”

“போகாதை. கல்லைக் கிளப்பினால் எல்லாம் ஓடிப்போகும். அந்த மடுவிலையே பிடி. தண்ணியும் அதிலையே கொண்டு வா.”

“சரிங்க சார்.”

ஆவணி முழுவதும் கொண்டுவந்தாள். கோடு நிறைவடைந்தது. புரட்டாசியில் மழை பிடித்து, விடாமல் ஊற்றியது. ஓய்ந்த காலையில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மேல்மடுப் பாறைக்குப் பின்னாலை ஏதோ செத்துக் கிடக்குது போலை. ஒருக்காப் போய்ப் பார்.”

அவள் வாளியை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். பின்னேரம், இடுப்புவரை சேற்றோடு வந்து ஆய்வுகூட வாசலில் நின்றாள்.

“ஒண்ணுமில்ல சார். மண்ணையே வழிச்சுக் கொண்டு போயிருச்சு தண்ணி. பாறை மட்டுந்தான் கெடக்கு.”

அவர் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“சாருக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?”

“நேற்று.”

அவள் யோசித்தாள். பிறகு அவர் மனம் நோகக்கூடாது என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப நேத்தே சொல்லியிருந்தாலும் கெடைச்சிருக்காதுங்க. மழ அதுக்கு முந்தியே வந்திருச்சே.”

“ஓம்,” என்றார் குமாரசிங்கம்.