ஒரு சொட்டும் இறங்காத பெட்டி

லைன்மேனுடைய டிரெய்லர் நிற்கும் இடத்தில் மழை பெய்யாது. வண்டியின் முன்பக்கம் பொருத்தியிருந்த சாமான் பெட்டிதான் அதற்குக் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எவ்வளவு தூரத்துக்குப் பெய்யாது என்பதில்தான் பேச்சு. சிலர் கூப்பிடு தூரம் என்றார்கள், சிலர் ஒரு ஊரளவு என்றார்கள். பெட்டியைச் செய்துகொடுத்த பெட்டி அக்காவைக் கேட்டால், "ஒழுகாத பெட்டி வேணும்னாரு, செஞ்சு குடுத்தேன்" என்பதோடு முடித்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

லைன்மேன் என்பது அவர் மின்வாரியத்தில் பார்த்த வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மழை வந்தால் மற்றவர்கள் ஜன்னலைச் சாத்துவார்கள், அவர் செருப்பைத் தேடுவார். எங்காவது கம்பி அறுந்திருக்கும், எங்காவது கம்பம் சாய்ந்திருக்கும், ஆபீசிலிருந்து போன் வந்துவிடும். மழைக்கோட்டு தோளுக்குச் சிறியது என்று ஆபீசில் எழுதிக் கேட்டதற்கு, அதைவிடச் சிறியதாக இன்னொன்று வந்தது. மகள் பிறந்த அன்று நல்ல மழை. குழந்தையின் முதல் அழுகையை மனைவி கேட்டார், நர்ஸ் கேட்டார், வராந்தாவில் ஒதுங்கி நின்ற யாரோ ஒரு வாட்ச்மேன்கூடக் கேட்டார். லைன்மேன் அப்போது ஊருக்கு வெளியே ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்தார். அந்தக் குறை அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. அதனால் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், இந்தத் தடவை பக்கத்தில் இருந்தே தீருவது என்று முடிவு செய்தார். மகளும் மருமகனும் தூரத்தில் மக்காச்சோளம் விதைத்துப் பிழைக்கிறவர்கள். வீட்டில் ஒன்றரை அறைதான். அங்கே போய் அவர்களுக்கு நடுவில் பாயைப் போட்டுப் படுக்க முடியாது. ஆகவே உள்ளேயே சமைத்துப் படுத்துக்கொள்கிற மாதிரி ஒரு டிரெய்லரை வாங்கி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போய், மகள் வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு தங்குவதென்று ஏற்பாடு.

டிரெய்லருக்குள் எல்லாம் இருந்தது, எதற்கும் இடம் இல்லை. மேஜையை மடித்தால் கட்டில், கட்டிலைத் தூக்கினால் அடுப்பு. ஜாக்கி, சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் கட்டை, சங்கிலி, நல்ல தண்ணீர்க் குழாய், அழுக்குத் தண்ணீர்க் குழாய் எல்லாம் தலைமாட்டில் கிடந்தன. அழுக்குத் தண்ணீர்க் குழாயோடு படுக்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டார். அவர் தபால் ஆபீசில் பார்சல் பிரிவில் இருந்தவர். எது எதற்குள் போக வேண்டும் என்பதில் அவர் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. டிரெய்லரின் முன்னால், காரோடு மாட்டுகிற கொக்கிக்குப் பின்புறம், முக்கோணமாக ஒரு இரும்புச் சட்டம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஒரு பெட்டியை உட்கார வைத்தால் இதெல்லாம் அதற்குள் போய்விடும். முதலில் கடையில் தயாராக விற்கும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கினார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதல் வெயிலில் மூடி வளைந்தது, முதல் மழையில் உள்ளே தண்ணீர் கட்டியது. அதில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்து லைன்மேன் பிழிந்தார். பிழியப் பிழிய அவருக்குத் தன் உத்தியோகக் காலம் முழுவதும் ஞாபகம் வந்தது. "இனிமே என் பொருள் மேல ஒரு சொட்டு விழக்கூடாது" என்றார்.

பெட்டி அக்கா லாரிகளுக்கு டூல்ஸ் பெட்டி செய்கிறவர். ரோட்டோரம் தகரக் கொட்டகை, வாசல் நிறைய அரைகுறைப் பெட்டிகள், காதில் சொருகிய பென்சில். வந்ததும் சட்டத்தை அளந்தார். காரைத் திருப்பச் சொல்லி, பெட்டியின் மூலை காரில் இடிக்குமா என்று பார்த்தார். ஜாக்கியின் கைப்பிடி சுற்ற இடம் விட்டுக் கோடு போட்டார். "இரும்புன்னா கெட்டி, ஆனா கனம். முன்னால கனம் கூடுனா வண்டி மூக்கைக் குத்தும், கொறஞ்சா வாலாட்டும். அலுமினியம் வச்சுக்கலாம்ணே" என்றார். அதற்கெல்லாம் லைன்மேன் தலையாட்டினார். தகராறு வந்தது ஓட்டையில்தான். கேஸ் சிலிண்டரை உள்ளே வைப்பதாக இருந்தால் அடியில் காற்றுப் போக இரண்டு ஓட்டை வேண்டும் என்றார் அக்கா. சிலிண்டர் வெளியே நிற்கட்டும், பெட்டியில் ஓட்டை என்ற பேச்சே கூடாது என்றார் லைன்மேன். போல்ட் போடவாவது ஓட்டை வேண்டுமே என்றதற்கும் அதே பதில். போல்ட் இல்லையென்றால் சட்டத்தோடு பற்றவைக்க வேண்டும், இரும்போடு அலுமினியம் ஒட்டாது. ஆகவே மெல்லிய இரும்புத் தகட்டுக்கு மாறினார்கள். ஒருவருக்கு நனையக் கூடாது, இன்னொருவருக்குத் தோற்கக் கூடாது. கழற்றவே முடியாத ஒரு பெட்டியைச் செய்கிறோம் என்பது அந்த இரண்டு பேருக்கும் அன்று பெரிய விஷயமாகப் படவில்லை.

சோதனை பார்க்க லைன்மேனே பெட்டிக்குள் போய் உட்கார்ந்தார். கையில் டார்ச். அக்கா மூடியைச் சாத்திவிட்டு ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்தார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. "கழுத்துல ஒரு சொட்டு" என்றார் லைன்மேன். அக்கா எல்லா மூட்டுகளையும் மறுபடி பற்றவைத்தார். குளிர்பதனக் கிடங்கின் கதவுக்குப் போடுகிற ரப்பரை வரவழைத்து மூடியைச் சுற்றி ஒட்டினார். மறுபடி தண்ணீர், மறுபடி தட்டும் சத்தம். "முழங்கால்ல." இத்தனை வருஷத்தில் ஒரு லாரிக்காரர்கூட அக்காவை அப்படிச் சொன்னதில்லை. ரோஷம் வந்துவிட்டது. கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டைக்கூட ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டு, சில நாள் வேலை பார்த்தார். உள்ளே என்ன செய்தார் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. மூன்றாவது சோதனைக்கு லைன்மேன் உள்ளே போக வேண்டியிருக்கவில்லை. ஹோஸிலிருந்து கிளம்பிய தண்ணீர் பெட்டிக்கு ஒரு முழம் முன்னாலேயே வளைந்து, இரண்டாகப் பிரிந்து, அக்காவின் செருப்பை நனைத்துவிட்டு ஓடியது. "இப்ப சரியா?" என்றார் அக்கா. "இப்ப சரி" என்றார் லைன்மேன். பெயின்ட் சாம்பல் நிறமே போதும் என்று பேசி முடித்தார்கள்.

மகளுக்கு இன்னும் நாள் இருந்ததால் சுற்றிக்கொண்டு போகலாம் என்று கிளம்பினார்கள். மழைக்காலம்தான். ஆனால் இவர்கள் போன வழியெல்லாம் ரோடு காய்ந்து கிடந்தது. எதிரே வருகிற வண்டிகள் வைப்பரை ஓடவிட்டுக்கொண்டு வந்து, இவர்கள் பக்கத்தில் நிறுத்தி, தாண்டியதும் மறுபடி ஓடவிட்டன. எங்காவது நிறுத்தினால் மேகம் வரும், விலாசம் தப்பி வந்த ஆள் போல எட்டிப் பார்க்கும், ஒதுங்கிப் போய்விடும். லைன்மேன் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தூரத்து மழையைப் பார்ப்பார். "தள்ளி நின்னு பாத்தா அழகாத்தான் இருக்கு, இத்தனை நாளா யாரும் சொல்லலையே" என்றார் மனைவியிடம். மனைவிக்குத் துவைத்த துணி காய்வதில் திருப்தி. ஒரு கல்யாண வீட்டார் வண்டியைப் பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி, முகூர்த்தம் முடியும்வரை விருந்தாளியாக வைத்துக்கொண்டார்கள். அவர் வாழ்க்கையிலேயே சந்தோஷமாக இருந்தது அந்த நாட்களில்தான். அதில் பொய்யில்லை.

மகள் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்த அன்று மருமகன் விதை ஊன்றி முடித்திருந்தார். கிணறு கிடையாது, வானத்தை நம்பிய நிலம். கருமேகம் கிளம்பி வயல்வரை வந்தது. வந்து இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் தூரத்திலும் இந்தப் பக்கம் தூரத்திலும் கொட்டிவிட்டுப் போனது. வாரம் முழுக்க இதேதான் நடந்தது. மருமகன் தங்கமான மனுஷன், மாமனாரிடம் முகத்தைக் காட்டவில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்துவிட்டுப் போவார். பேசியது மகள்தான்.

"அப்பா, இந்த வெள்ளாமை போச்சுன்னா பிள்ளையத் தூக்கிக்கிட்டு நாங்க ஊரை விட்டுத்தான் போகணும். நீங்க இருங்க. பெட்டி இருக்க வேண்டாம்."

"பெட்டி என்னம்மா பண்ணும், அது பாட்டுக்கு இருக்கு" என்றார் லைன்மேன்.

"அது பாட்டுக்குத்தான் இருக்கு. மழைதான் வரல."

லைன்மேன் மனைவியைப் பார்த்தார். மனைவி அவருடைய சட்டைகளை ஏற்கெனவே மடித்துவைத்திருந்தார். "நான் இவகூட இருக்கேன். நீங்க இதை எங்கயாவது விட்டுட்டு காரை மட்டும் ஓட்டிக்கிட்டு வாங்க" என்றார். காரைக் கிளப்பும்போது அவருக்குக் கோபம்தான் இருந்தது. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றும் நினைத்தார்.

விடுவதற்குத்தான் இடம் கிடைக்கவில்லை. ஒரு லாரி ஷெட்காரர் ஒரு மூலையைக் காட்டினார். சில நாளில் அந்தத் தெருக்காரர்கள் காலிக் குடங்களோடு ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்துகொண்டார்கள். இரும்புக் கடைக்காரர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னவர் சொல்லவே இல்லை. லைன்மேனே ஓட்டை போட்டுப் பார்த்தார், டிரில் முனை மழுங்கியது. சட்டத்தோடு அறுத்து எடுக்கலாம் என்றால், அறுத்த பிறகும் பெட்டி எங்காவது இருந்துதானே ஆக வேண்டும். ஆளில்லாத மேய்ச்சல் நிலத்தில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் கிளம்பியும் பார்த்தார். பாதி வழியில் ஆடு மேய்க்கிறவர் மோட்டார் சைக்கிளில் துரத்தி வந்து, "சார், வண்டியை மறந்துட்டீங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பெட்டி அக்காவுக்கே போன் போட்டார். "ஒழுகுற பெட்டிதான் வேணும்னா கடையில பிளாஸ்டிக்ல இருக்குண்ணே, வாங்கிக்குங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டார்.

எங்கும் நிறுத்த முடியாததால் ஓடிக்கொண்டே இருந்தார். இவர் கிளம்பிய அன்றே மருமகன் வயலில் மழை இறங்கியது. முளை விட்டது, இலை விட்டது என்று மனைவி போனில் சொல்லச் சொல்ல அவருக்கு நிம்மதியாக இருந்தது. தான் இல்லாததால்தான் அங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது என்பது உறுத்தவும் செய்தது. இத்தனை நாள் ஆசைப்பட்டுக் கேட்ட ஈரமில்லாத வாழ்க்கை அவரிடம் முழுசாக இருந்தது. அவருக்கு அது வேண்டியிருக்கவில்லை.

ஒரு மத்தியானம் வெட்டவெளியில் டிரெய்லரின் டயர் பஞ்சரானது. பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த ஜாக்கிக்காக இடுப்புவரை உள்ளே குனிந்திருந்தபோது போன் அடித்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். "என்னங்க, பேசாம கேளுங்க" என்றார் மனைவி. ஏதோ பாத்திரம் நகர்ந்தது, ஒரு நர்ஸின் குரல் கேட்டது, அப்புறம் குழந்தை அழுதது. லைன்மேன் குனிந்தபடியே கேட்டார். மகளும் பிறந்த அன்று இப்படித்தான் அழுதிருப்பாள் என்று நினைத்தார். இரண்டு தடவையும் வெட்டவெளியில்தான் நின்றோம் என்று நினைத்ததும் தாங்க முடியவில்லை, அழுதுவிட்டார். ஒரு சொட்டு மூக்கின் நுனிவரை வந்து தயங்கி, பெட்டியின் அடித்தகட்டில் விழுந்தது. அக்கா எல்லாப் பக்கமும் அடைத்திருந்தார். இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை.

ஜாக்கியோடு அவர் நிமிர்வதற்குள் முதுகில் மழை விழுந்தது. பழக்க தோஷத்தில் முதலில் கம்பம் ஏதாவது சாய்ந்திருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்தார். அப்புறம் டயரை மாட்டினார். மழைக்கோட்டு இல்லை, தேடவும் இல்லை. வழியில் எங்கும் நிறுத்தாமல், டிரெய்லரை இழுத்துக்கொண்டே மகள் வீட்டு வாசலில் போய் நின்றார். தலையிலிருந்து கால்வரை சொட்டிக்கொண்டிருந்தது. மருமகன் வானத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், "வாங்க மாமா" என்றார். மனைவி துண்டை எடுத்து வீசி, தலையைத் துவட்டாமல் குழந்தையைத் தொடக் கூடாது என்றார். பெண் குழந்தை. அவர் தூக்கியதும் இன்னொரு தடவை அழுதது.

செய்தி பெட்டி அக்காவின் காதுக்கு எட்டியது. தன் பெட்டி ஒழுகுகிறது என்று நாலு பேர் பேசுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. ரப்பர் சுருளும் பசையுமாக பஸ் ஏறி வந்து இறங்கி, குழந்தையைக்கூடப் பார்க்காமல் நேரே பெட்டியைத் திறந்தார். மருமகன் மண்வெட்டியோடு பக்கத்தில் வந்து நின்றுகொண்டார், சும்மாதான். அன்றும் தூறல். மூட்டுகளில் ஈரமில்லை, ரப்பரில் ஈரமில்லை, அடித்தகட்டின் நடுவில் ஒரே ஒரு சொட்டு. அக்கா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "இது வெளிய இருந்து வந்தது இல்லண்ணே. நம்ம வேலை சுத்தம்" என்றார். ரப்பரைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அதற்குப் பிறகுதான் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, யார் ஜாடை என்று பேச உட்கார்ந்தார்.

அந்தச் சொட்டு காயவில்லை. மனைவி துடைத்தெடுத்தார், மறுநாள் அதே இடத்தில் இருந்தது. மூடியைத் திறந்து கோடை முழுக்க வெயில் காட்டினார்கள், அப்படியே இருந்தது. அதைச் சுற்றித் துருவும் பிடிக்கவில்லை. அந்த வருஷம் மக்காச்சோளம் நன்றாக வந்தது, அடுத்த வருஷம் சுமாராக வந்தது, மழை எல்லார் வயலிலும் பெய்கிற மாதிரி பெய்தது. லைன்மேனும் மனைவியும் வாசலிலேயே தங்கிவிட்டார்கள். மழை வந்தால் அவர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போடுவார், சில நாள் போடாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். பெட்டிக்குள் ஜாக்கி இந்தப் பக்கம், குழாய்கள் அந்தப் பக்கம், நடுவில் சொட்டுக்குக் கொஞ்சம் இடம் என்று மனைவி பிரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகிற வயதில் பேத்தி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது யாரோடது?" என்று கேட்டாள். "உன்னோடதுதான்" என்றார் லைன்மேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அதன்மேல் கை படாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினாள்.