சக்கரத்துக்கு எடுத்த அளவு

அளவு விஷயத்தில் டெய்லரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஒருத்தர் கடை வாசலில் வந்து நின்றாலே போதும், காலர் அளவைச் சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான், பெண்டாட்டியின் டிரைவிங் டெஸ்டுக்கு முந்தின நாள் காருக்குப் பெரிய சக்கரமாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தார். எங்கே போய் முட்டிக்கொள்வது, சொல்லுங்கள்!

அவர் மனைவி நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலையை ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். லைசென்ஸ் இருந்தால்தான் அந்த வேலை. ஏற்கனவே இரண்டு தடவை டெஸ்டில் தோற்றாயிற்று. இந்தத் தடவையும் கோட்டை விட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். நல்ல காரியத்துக்குப் போகிறவள் தேய்ந்த சக்கரத்திலா போவது என்று டெய்லருக்கு மனசு கேட்கவில்லை. பளபளவென்று நாலு சக்கரம் வாங்கினார்.

சும்மா ஒன்றும் மாட்டிவிடவில்லை, அளவு பார்த்தார். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்ப்பாரே, அதே மாதிரி சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போனது. "கச்சிதம்" என்றார்.

"வண்டி கம்ப்யூட்டர்ல புது அளவை ஏத்தணும்ண்ணே. ஆள் நாளன்னைக்குத்தான் வருவான்" என்றார் டயர் கடைக்காரர்.

"அதெல்லாம் டெஸ்ட் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்" என்று டெய்லர் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை அவள்தான் ஓட்டினாள், இவர் பக்கத்தில். சக்கரத்தைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷம் பெரிய ரோடு வரைக்கும்தான் நீடித்தது. வருகிற வண்டியின் வேகத்தைக் காட்டுகிற போர்டு ஒன்று ஓரத்தில் நின்றது. அதில் ஐம்பது. காரின் மீட்டரில் நாற்பத்தைந்து.

"என்னங்க, போர்டு தப்பா, மீட்டர் தப்பா?"

"போர்டுதான். வெயில்ல கிடந்து கெட்டுப்போயிருக்கும்."

அடுத்த போர்டும் கெட்டுப்போயிருந்தது. மீட்டரில் முப்பத்தாறு, அதில் நாற்பது. "கியர் மாறுறதும் ஒரு மாதிரியா இருக்கே" என்றாள். டெய்லர் ஜன்னல் வழியாக ரோட்டை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

டெஸ்ட் மைதானத்தில் வண்டியை நிறுத்தினாள். நேராக இவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினாள். டிக்கியைத் திறந்தாள். மாற்றுச் சக்கரம் மட்டும் பழைய அளவிலேயே கிடந்தது. அதைச் சுற்றி டேப்பை ஓட்டினாள். டேப் பத்தாத இடத்தில், இவர் சட்டைப்பையிலிருந்த சாக்கட்டியை எடுத்துக் கோடு போட்டு மிச்சத்தை அளந்தாள். எழுபத்திரண்டு இஞ்ச். பிறகு, புடவை மண்ணில் புரள்வதைக்கூடப் பார்க்காமல் குனிந்து புதுச் சக்கரத்தையும் அளந்தாள். எண்பது.

"விரல் விட்டுப் பாத்தீங்களாக்கும்?" என்றாள். "சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னுதான் கம்ப்யூட்டர் எண்ணும். ஒரு சுத்துக்கு எழுபத்திரண்டு இஞ்ச்னு மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கு. நீங்க எண்பதை மாட்டிட்டீங்க. அதுக்கு எப்படித் தெரியும், பாவம்? வேகமும் தப்பு, ஓடின தூரமும் தப்பு. கியரும் பிரேக்கும்கூட இந்தக் கணக்கைத்தான் கேக்குது."

சும்மா சொல்லக் கூடாது, டெய்லர் மலைத்துப் போய்விட்டார். முப்பது வருஷம் டேப்பும் கழுத்துமாக இருக்கிறவர். இடுப்புக்குச் சுற்றளவு எடுக்கத் தெரிந்தவருக்குச் சக்கரத்துக்கு எடுக்கத் தோன்றவில்லையே! இவளுக்குத் தோன்றியதே, இவளல்லவா கெட்டிக்காரி!

மலைப்பு தீருவதற்குள் பயம் பிடித்துக்கொண்டது. "இங்க பாரு, பத்துல ஒண்ணு குறைச்சு ஓட்டிடு. ஐம்பதுன்னா மீட்டர்ல நாப்பத்தஞ்சு. உனக்குத்தான் கணக்கு புரிஞ்சு போச்சே. ஆபீசர்கிட்ட மூச்சு விடாத. இந்த வண்டி வேண்டாம்னு சொல்லிட்டார்னா வேலை போச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"மருந்து ஊசில அளவுக்கோடு தப்புன்னு தெரிஞ்சா, மனசுக்குள்ள கழிச்சுக்கிட்டு ஊசி போடுவேனா? ஊசியைத் தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்பேன். ஆபீசரும்தானே என் பக்கத்துல உக்காரப்போறார்?" என்று சொல்லிவிட்டு நடந்தாள். டெய்லர் பின்னாலேயே ஓடினார்.

ஆபீசர் முழுசும் கேட்டார். குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "மீட்டர் தப்பான வண்டில டெஸ்ட் எடுக்க முடியாதும்மா" என்றார். "சாப்பாட்டு நேரத்துக்குள்ள வண்டி சரியா வந்தா கடைசி ஆளா எடுத்துக்கறேன். இல்லேன்னா மறுபடி விண்ணப்பம் போட்டு வாங்க."

அவர் சொல்லி முடிக்கும்போது டெய்லர் வாசலைத் தாண்டிவிட்டார். டயர் கடை ரொம்பத் தூரமில்லை, ஆனால் அவர் ஓடிப் பல வருஷமாயிற்று. செருப்பு ஒரு பக்கம், டேப் ஒரு பக்கம் பறக்கப் போய், கடைக்காரரையும் அங்கே கழற்றிப் போட்டிருந்த பழைய சக்கரங்களையும் சரக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மூவருமாகப் புதுசு நாலையும் கழற்றிப் பழையதை மாட்டினார்கள். கடைக்காரர் முடுக்கிய ஒவ்வொரு நட்டையும் அவள் இன்னொரு தடவை முடுக்கிப் பார்த்தாள். "நம்பிக்கை இல்லையாக்கா?" என்று அவர் கேட்க, "இருக்கு, இருந்தாலும் பாத்துக்கறேன்" என்றாள்.

பிறகு ஆபீசர் ஏறினார், கார் வெளியே போனது. டெய்லர் பளபளக்கிற நாலு சக்கரத்துக்கு நடுவில் நின்று, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார். தோற்றாலும் பரவாயில்லை, இவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கிடைத்தாளே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷமே, ஐயோ தோற்கக் கூடாது என்று மறுபடி ஆரம்பித்தார்.

கார் திரும்பி வந்தது. ஆபீசர் இறங்கிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். "பாஸ்" என்றார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டெய்லர் சத்தம் போட்டே அழுதுவிட்டார்.

ஆபீசர் அந்தச் சக்கரங்களைக் காட்டினார். "அதிருக்கட்டும், யாரும்மா இந்த அதிமேதாவி? டெஸ்டுக்கு முந்தின நாள் இதை மாட்டினது?"

டெய்லர் தலை கவிழ்ந்தது.

"நான்தான் சார்" என்றாள் அவள், கொஞ்சமும் யோசிக்காமல். "நான்தான் ஆசைப்பட்டு மாட்டச் சொன்னேன்."

டெய்லர் நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆபீசர் பக்கத்தில் போய் நின்றார்.

"காலைலேர்ந்து இவ சொன்ன ஒரே பொய் இதுதான் சார்."