தானாக முன்வருவது எப்படி

இரண்டு வருஷம் வேலை இல்லாமல் இருந்தால் மனுஷனுக்கு என்ன வியாதி வரும் என்று எங்களுக்குத் தெரியாது. லண்டனில் இருந்த அமைச்சருக்குத் தெரிந்திருந்தது. காலையில் எழுந்திருக்கும் பழக்கம் போய்விடுமாம். கை வளையாதாம். திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு நாங்கள் தூங்கிக்கொண்டே இருக்கிறோமாம். மருந்தையும் அவரே கண்டுபிடித்தார். வாரத்துக்கு முப்பது மணி நேரம், ஆறு மாதம், ஊருக்குச் சேவை செய்ய வேண்டும். செய்தால் வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை வரும், செய்யாவிட்டால் வராது. சம்பளம் கிடையாது. ஏனென்றால் இது வேலை இல்லை, வேலைக்குப் பழக்குவது.

அப்படித்தான் நானும் க்ளெனிஸும் நசீரும் ஒரு திங்கட்கிழமை காலையில் எங்கள் ஊர் ஆல்டர்கிளிஃபின் நினைவுப் பூங்காவில் ஆரஞ்சு நிற மேல்சட்டையோடு போய் நின்றோம்.

நான் டெரி ஆக்டன். அச்சகத்தில் எந்திரம் ஓட்டியவன். க்ளெனிஸ் பராக்ளஃப் கம்பள ஆலையில் தறிகளுக்கு நடுவே பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து வேலை பார்த்தவள். ஆலையை மூடியபோது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது. அதற்கப்புறம் அவள் போட்ட விண்ணப்பங்களுக்கு 'இல்லை' என்றுகூட யாரும் பதில் சொல்லவில்லை. நசீர் ஹுசைன் எங்களில் இளையவன், நாற்பதைத் தாண்டியவன். ஒரு கிடங்கில் இரவு வேலை. கிடங்கு போலந்துக்குப் போயிற்று, அவன் போகவில்லை.

எங்களுக்கு மேற்பார்வையாளர் நைஜல் பிக்கிள்ஸ். அரசாங்கம் இந்தப் பொறுப்பை 'முன்னடி' என்ற ஒரு கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. நைஜல் அந்தக் கம்பெனியின் ஆள். கெட்டவன் இல்லை. கையேட்டில் இருப்பதைத் தவிர வேறெதையும் நம்பாதவன், அவ்வளவுதான்.

அந்தப் பூங்காவுக்கு முன்பு இரண்டு தோட்டக்காரர்கள் இருந்தார்கள். பணம் இல்லை என்று நகராட்சி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பெருக்குகிறவனுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. சும்மா பெருக்குகிறவனை நின்று பார்க்கிறவனுக்குக் கொடுக்க மட்டும் இருந்தது. இதை நான் ஒரு நாள் நைஜலிடம் கேட்டேன். "அது வேற கணக்குத் தலைப்பு, டெரி" என்றான்.

பூங்கா பெரிசு இல்லை. எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர் பெருக்கினால் காலைத் தேநீருக்குள் சுத்தமாகிவிடும். அதற்கப்புறம் நாங்கள் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு இலை விழக் காத்திருப்போம். நைஜலுக்கு எங்கள் கை சும்மா இருப்பதைப் பார்த்தால் தாங்காது. பெஞ்சுகளுக்குப் பச்சை வண்ணம் அடிக்கச் சொன்னான். அடித்து முடித்தோம். பழுப்பு அடிக்கச் சொன்னான்.

"அடுத்து என்ன, மறுபடியும் பச்சையா?" என்றாள் க்ளெனிஸ்.

"காயட்டும் முதல்ல" என்றான் நைஜல், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

பூங்காவின் மறுபக்கம் இன்னொரு கும்பல் பெருக்கும். அவர்களுக்கும் அதே ஆரஞ்சு மேல்சட்டை. அவர்கள் நீதிமன்றம் அனுப்பியவர்கள். கார் திருடியவன், கடைக் கண்ணாடியை உடைத்தவன், இப்படி. அவர்களில் ஒருவன் எங்களிடம் வந்து, எத்தனை மாசம் என்று விசாரித்தான். சொன்னோம். அவன் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டான்.

"அடேயப்பா. எனக்கு நீதிபதி குடுத்தது இதுல பாதிகூட இல்ல. அப்படி யாரைக் கொன்னீங்க?"

"ஒரு ஆலைய மூடிட்டேன் கண்ணு" என்றாள் க்ளெனிஸ்.

அவள் எல்லோரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். திட்டும்போதும் அப்படித்தான்.

நசீருக்கு மட்டும் இந்தச் சேவை பிடித்திருந்தது. உண்மையாகவே பிடித்திருந்தது. காலையில் சவரம் செய்துகொண்டு வருவான். பூங்காவில் கருவிகள் வைக்கும் கொட்டகைச் சாவியை நைஜல் அவனிடம் கொடுத்துவைத்திருந்தான். மண்வெட்டிகளைக் கழுவித் துடைத்து அடுக்குவான்.

"வீட்ல உக்காந்து சுவத்தையே பாத்துட்டு இருந்தேன், க்ளெனிஸ். இப்ப சாயங்காலம் போனா பசங்க கிட்ட சொல்ல ஏதோ ஒண்ணு இருக்கு. வரிகட்டுறவன் காசு குடுக்கறான். பதிலுக்கு நாம கொஞ்சம் பெருக்கினா என்ன குறைஞ்சு போச்சு?"

"நானும்தான் நாப்பது வருஷம் வரி கட்டினேன். யாரைப் பெருக்கச் சொன்னேன்?" என்றாள் அவள். "வேலைன்னா சம்பளத்தைக் குடு. தண்டனைன்னா தண்டனைன்னு சொல்லிட்டுப் போ. ரெண்டையும் ஒரே கோப்பைல ஊத்திக் கலக்கிட்டு, குடி, உடம்புக்கு நல்லதுங்காத."

நான் இரண்டு பேர் சொல்வதற்கும் தலையாட்டினேன். அந்த வயதிலும் எனக்குத் தெரிந்த ஒரே ராஜதந்திரம் அதுதான்.

நவம்பரில் கவுன்சிலர் ராட்னி த்ரெல்ஃபால் படம் எடுத்துக்கொள்ள வந்தார். இந்தத் திட்டம் எங்கள் ஊருக்கு வரவேண்டும் என்று மேடைக்கு மேடை பேசியவர். அவர் வருவதற்கு முன் நைஜல் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு கோணிப்பையை இழுத்தான். உள்ளே காய்ந்த இலைகள், சிப்ஸ் பொட்டலங்கள், நசுங்கிய டப்பாக்கள். எல்லாம் அவன் வீட்டுக் குப்பை.

"பூங்கா ரொம்பச் சுத்தமா இருக்கு. படத்துல பெருக்கற மாதிரித் தெரியணும்ல. கொஞ்சம் தூவுங்க" என்றான்.

க்ளெனிஸ் ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தாள். "இனிப்பில்லாத எலுமிச்சைச் சாறா? சொல்லியிருந்தா எங்க தெருவுலேர்ந்து கொண்டு வந்திருப்பேனே. அங்க மரியாதையா பீர் குடிக்கற ஜனங்க இருக்காங்க."

கவுன்சிலர் வந்தார், கூடவே உள்ளூர்ப் பத்திரிகைக்காரி ஒருத்தியும். ஒரு துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நசீர் அதை நைசாக வாங்கித் திருப்பிக் கொடுத்தான். பிறகு அவர் க்ளெனிஸின் பக்கம் திரும்பி, "இப்ப காலைல நேரத்தோட எழுந்திருக்கப் பழகிட்டீங்களா?" என்று கேட்டார்.

"பதினாறு வயசுலேர்ந்து அஞ்சரைக்கு எழுந்திருக்கறேன்."

"பாருங்க!" என்றார் கவுன்சிலர் பத்திரிகைக்காரியிடம். "அதுக்குள்ள பலன் தெரியுது!"

டிசம்பரில் ஓர் இரவு முழுக்க மழை கொட்டியது. விடியும்போது ஆறு கரையை ஏறி வந்து, கரையோரம் இருந்த ஷெட் தெருவுக்குள் புகுந்துவிட்டது. அன்று எங்களுக்குப் பூங்கா இல்லை, கம்பெனி அலுவலகத்தில் வகுப்பு. கட்டாயம் வரவேண்டும் என்று முன்னமே சொல்லியிருந்தார்கள். மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். பாலத்துக்கு முன்னால் ஓட்டுநர் நிறுத்திவிட்டார். ஜன்னல் வழியாக ஷெட் தெரு தெரிந்தது. ஒரு குப்பைத்தொட்டி கார்களை ஒவ்வொன்றாக இடித்துக்கொண்டே மிதந்து போனது. ஒரு பெண் கைக்குழந்தையோடு மாடி ஜன்னலில் நின்றாள்.

க்ளெனிஸ் எழுந்தாள். "நசீர், கொட்டகைச் சாவி இருக்கா?"

"இருக்கு. ஆனா வகுப்பு..."

"சாவி இருக்கான்னு கேட்டேன் கண்ணு."

பூங்கா மேட்டில் இருந்ததால் கொட்டகை நனையவில்லை. இரண்டு தள்ளுவண்டி, மண்வெட்டிகள், கயிறு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஷெட் தெருவில் இறங்கினோம். தண்ணீர் தொடை வரை இருந்தது. டீசல் நாற்றமும் சாக்கடை நாற்றமும் கலந்து அடித்தன. நசீர் கயிற்றை விளக்குக் கம்பத்தில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு போய்க் குழந்தையை வாங்கி வந்தான். அப்புறம் அதன் தாயையும் கூட்டி வந்தான். பார்த்துக்கொண்டு நின்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

கடைசி வீட்டில் ஆர்னல்ட் என்ற கிழவர், பழைய பஸ் நடத்துனர், மாடிப்படியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சிப் பெட்டியை எடுக்காமல் வரமாட்டேன் என்றார்.

"டீவில வெள்ளத்தைத்தான் காட்டப் போறான். அதான் நேர்லயே பாத்தாச்சே, எழுந்திரு" என்று க்ளெனிஸ் பூனையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். பூனைக்குப் பின்னால் அவரும் வந்தார்.

பத்து மணிக்கு அவள் கைபேசி அடித்தது. நைஜல். கை சேறாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மூணு பேரும் எங்க இருக்கீங்க? வகுப்பு ஆரம்பிச்சாச்சு."

"தண்ணிக்குள்ள இருக்கோம்."

"வெள்ளம்னு கேள்விப்பட்டேன். ஆனா வகுப்பு கட்டாயம் க்ளெனிஸ்."

"என்ன வகுப்புப்பா அது?"

நைஜல் கையேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. "யாரும் சொல்லாமலே தானா முன்வந்து வேலை செய்யறது எப்படின்னு."

க்ளெனிஸ் கைபேசியையே பார்த்தாள். பிறகு, "எத்தனை பேர் வந்திருக்காங்க?" என்றாள்.

"பாலத்தை மூடிட்டாங்களாம். இப்போதைக்கு நான் மட்டும்தான்."

"அப்ப நீ கத்துக்கோ கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மதியம் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. பிறகு சேறு. நசீரின் மசூதியிலிருந்து பெரிய அண்டாக்களில் சோறும் பருப்பும் வந்தன. அவனே நின்று எல்லோருக்கும் பரிமாறினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை நான் பார்த்ததில்லை. ஆறு மாதத்தில் நாங்கள் ஊருக்குச் செய்த ஒரே சேவை அன்று செய்ததுதான்.

அடுத்த வாரம் மூன்று பேருக்கும் உதவித்தொகை நின்றுவிட்டது. கட்டாய வகுப்புக்கு வரவில்லை. அதோடு, கருவிகளை அனுமதியில்லாத இடத்துக்குக் கொண்டுபோனோம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் பிலிப்பா என்ற அதிகாரி. அவள் எங்களைக் கனிவாகத்தான் பார்த்தாள்.

"வராததுக்குக் காரணம்னு கணினில மூணுதான் இருக்கு. நோய், குடும்பத்துல சாவு, நேர்முகத் தேர்வு. வெள்ளம்னு எதுவும் இல்ல."

"கணினில இல்லன்னா ஜன்னல்ல எட்டிப் பாரு கண்ணு, வெளிய இருக்கு."

"எனக்குப் புரியுது. ஆனா அன்னைக்கு நீங்க செஞ்சது சொந்த விருப்பத்துல செஞ்ச தொண்டு. கட்டாயச் சேவைல அதைச் சேக்க முடியாது. யாராவது கட்டாயப்படுத்தியிருந்தா சேத்திருக்கலாம்."

வெளியே வந்ததும் நசீர் மேல்சட்டையைக் கழற்றி மடித்து, மழைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த பஸ் நிறுத்தப் பெஞ்சில் வைத்துவிட்டு நடந்து போனான். எங்களில் இதை நம்பினவன் அவன் ஒருவன்தான். எனக்கும் க்ளெனிஸுக்கும் கோபம் வந்தது, கோபத்தில் கொஞ்சம் சூடு கிடைத்தது. அவனுக்கு அதுவும் இல்லை.

அந்த வாரங்களில் மசூதியில் தினமும் சாப்பாடு போட்டார்கள். நசீர் போகவில்லை. தான் நின்று பரிமாறிய இடத்தில் போய்த் தட்டை நீட்ட அவனுக்குக் கை வரவில்லை. க்ளெனிஸ் போனாள். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று, இரண்டு டப்பாவில் வாங்கி, ஒன்றை அவன் வீட்டு வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, அவன் திறப்பதற்குள் திரும்பிவிடுவாள். அவனுக்கு யாரென்று தெரியும். தெரியாதது மாதிரி இருந்துவிட்டான்.

ஜனவரியில் நகர மன்றத்தில் வெள்ள வீரர்களுக்குப் பாராட்டு விழா. எங்களையும் கூப்பிட்டார்கள். கவுன்சிலர் த்ரெல்ஃபால் க்ளெனிஸின் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். "திட்டம் வெற்றியான்னு கேட்டாங்களே, இதோ நிக்கறாங்க பாருங்க! மூணு மாசத்துக்கு முன்னால சோபாவை விட்டு எழுந்திருக்காதவங்க!"

க்ளெனிஸ் ஒலிவாங்கியை அவர் பக்கமே தள்ளினாள். "கவுன்சிலர், ஒரு சந்தேகம். அன்னைக்கு நாங்க ஊருக்குச் சேவை செஞ்சோமா, இல்லையா?"

"என்ன கேள்வி இது! அதைவிடப் பெரிய சேவை உண்டா?"

"அந்தச் சேவைக்காகத்தான் எங்க மூணு பேருக்கும் உதவித்தொகைய நிறுத்தியிருக்காங்க. கிறிஸ்துமஸுக்கு நான் வறுத்த ரொட்டி சாப்பிட்டேன். ரொம்ப நன்றி."

முதல் வரிசையில் இருந்த ஆர்னல்ட் எழுந்து, கவுன்சிலரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். பஸ் நடத்துனர்கள் அந்தக் காலத்தில் சீட்டு வாங்காதவர்களைச் சொல்லும் வார்த்தை. பத்திரிகைக்காரி அதைத் தவிர மற்றதையெல்லாம் எழுதினாள்.

ஆனாலும் தொகையை நிறுத்தியதை எதிர்த்து நாங்கள் போட்ட முதல் முறையீடு தள்ளுபடியானது. கவுன்சிலரின் சொல் சட்டம் இல்லையாம். எங்களுக்கும் அது தெரியும். மேல்முறையீட்டில், வசந்தம் வந்த பிறகு, தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருந்த ஒரு வழக்கறிஞர் அம்மாள் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, பாலமே மூடியிருக்கும்போது எப்படி வருவார்கள் என்று கேட்டார். நிறுத்திய தொகை முழுக்க வந்தது. பசி எடுத்த மாதம் திரும்பி வரவில்லை.

அதற்குள் வெள்ளமே ஒரு வேலை செய்திருந்தது. ஷெட் தெருவில் ஒரு வீட்டிலும் கம்பளம் மிஞ்சவில்லை. மேல்தெருக் கம்பளக் கடைக்கு ஆள் போதவில்லை. விளிம்பு தைக்கத் தெரிந்தவர் யாராவது வேண்டும் என்று முதலாளி கேட்டபோது, ஆர்னல்ட் க்ளெனிஸின் பெயரைச் சொன்னார். வாரத்துக்கு நான்கு நாள், சம்பளத்தோடு. முன்னடி கம்பெனி இதைத் தன் வெற்றி என்று எழுதிக்கொண்டு அரசாங்கத்திடம் அதற்கான ஊக்கத்தொகையையும் வாங்கிக்கொண்டது. நைஜல் இதை எங்களிடம் சொன்னபோது காது மடல் வரை சிவந்துபோனான். அந்த அளவுக்கு அவன் மனுஷன்தான்.

கடைக்காரரிடம் க்ளெனிஸ் பேசி, கம்பளம் இறக்கும் வண்டி ஓட்ட நசீரைச் சேர்த்துவிட்டாள். அவன் முதல் வாரம் வண்டியை ஓட்டிவிட்டு நேரே வீட்டுக்குப் போனான். இரண்டாவது வாரம் வண்டியைக் கழுவ ஆரம்பித்தான். நான் மட்டும் ஆறு மாதத்தையும் முடித்தேன். பெஞ்சுகள் இப்போது நீலம்.

மே மாதம் நான் கடையில் க்ளெனிஸைப் பார்க்கப் போயிருந்தபோது தொலைபேசி வந்தது. பிலிப்பா. புதிதாக வந்திருக்கும் ஆட்களுக்கு முன்னால் க்ளெனிஸ் தன் வெற்றிக் கதையைச் சொல்லவேண்டும், வியாழக்கிழமை காலை வரமுடியுமா என்று கேட்டாள்.

"எவ்வளவு குடுப்பீங்க?" என்றாள் க்ளெனிஸ், வாயில் ஊசியை வைத்துக்கொண்டே.

எதிர்ப்பக்கம் சங்கடமாகச் சிரிப்பது எனக்கே கேட்டது. "அது... ஒரு சேவை மாதிரிதான்."

க்ளெனிஸ் ஊசியை வாயிலிருந்து எடுத்தாள். "முடியாது கண்ணு. வியாழக்கிழமை எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, "அந்த முனையப் பிடி டெரி, சும்மாதானே நிக்கற" என்றாள்.