வருத்தம் இல்லாட்டியும்

கிண்ணியாவில் வீட்டிலிருந்தே உடுப்புத் தைத்துக் கொடுக்கும் பஸ்மியாவுக்கு, முழங்கைக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. தையல் மெசினோடு மல்லுக்கட்டுவதால் வந்தது என்று விட்டுவிட்டாள். எலுமிச்சங்காய் அளவுக்கு வளர்ந்த பிறகுதான் பஸ் ஏறிப் பாலம் கடந்து, திருகோணமலையில் டொக்டர் சோபனாவிடம் காட்டினாள்.

"கட்டி ஆழத்தில இருக்கு. கான்சரா இல்லையா எண்டு ஸ்கேன் எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல ஏலும்," என்றார் டொக்டர்.

அன்று பின்னேரமே கட்டாரில் இருக்கும் கணவன் முனாசுக்குச் சொன்னாள். அவன் போய் நாலு வருடமாகிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் வருகிறேன் என்பான். ஏதோ ஒன்று குறுக்கே வரும். இந்த முறை அவன் யோசிக்கவேயில்லை.

"பயப்படாத. லீவு கேட்டுட்டு வாறன்."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை வந்தது. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தங்கை ரிப்கா முதுகைத் தடவிவிட்டாள். மறுநாள் பஸ்மியா மெத்தையை வெயிலில் போட்டாள். அலுமாரியில் கிடந்த, அவன் வீட்டில் உடுத்தும் சாரன்களை எடுத்துத் துவைத்தாள். கை வலித்தது. அந்த வலிமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

ஸ்கேன் முடிவைப் பார்த்து டொக்டர் சிரித்தார். "இது கான்சர் இல்லை. தசைக்குள்ள இரத்தக் குழாய்கள் ஒண்டோடொண்டு பின்னிக் கிடக்குது. பாக்கிறதுக்குக் கட்டி போலத்தான் இருக்கும். உயிருக்கு ஒண்டும் செய்யாது."

ரிப்கா, "ராத்தா!" என்று கட்டிப்பிடித்து அழுதாள். பஸ்மியாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்ததும், இனி முனாஸ் வருவானா என்ற நினைப்பு வந்தது.

செய்தி கேட்டதும் முனாஸ், "அல்ஹம்துலில்லாஹ்," என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு தயங்கி, "அப்ப, லீவப் பெருநாளுக்கு மாத்தட்டா? இஞ்ச வேலைக்கு ஆக்கள் காணாது," என்றான்.

வழக்கமாக அவள் சரியென்று விடுவாள்.

"வருத்தம் இல்லாட்டியும் வாங்களேன். எனக்கு உங்களப் பாக்கணும்."

"கேட்டுப் பாக்கிறன்," என்றான்.

கேட்டான். மனைவிக்கு வருத்தம், நோய் ஒன்றும் இல்லையென்றதும் லீவு தர மறுத்துவிட்டார்கள்.

"கான்சர்தான் எண்டு பொய் சொல்லியிருக்கலாம், பஸ்மியா."

"வாயால அப்பிடிச் சொல்லாதீங்க," என்றாள் அவள். அதே எண்ணம் அவளுக்கும் வந்திருந்ததை அவனிடம் சொல்லவில்லை.

துவைத்த சாரன்கள் மடித்தபடி இருக்கின்றன. முனாஸ் இப்போது வேலைக்குப் போகுமுன் தினமும் அழைக்கிறான். கையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "என்னப் பாக்கணும் போல இருக்கா?" என்கிறான்.

"ஓம்," என்கிறாள், ஒளிக்காமல்.