குளத்துக்கு இரண்டு புள்ளி

எனக்கு எல்லாவற்றிலும் ஒரு கருத்து உண்டு. கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். பதுளை பஜாரில் போன் கடையில் நாள் முழுக்கப் பேசுவது போதாதென்று, எங்கள் பழைய வகுப்புக்காரர்களின் வட்ஸ்அப் குழு வேறு. சாயந்தரமானால் யாராவது ஒரு விஷயத்தைப் போடுவார்கள். மற்றவர்கள் பத்துக்குப் புள்ளி போட வேண்டும். ரொட்டிக்குச் சம்பலா பருப்பா, கல்யாண வீட்டில் டிஜே தேவையா, இப்படி. துணிக்கடைக்காரர் மகள் காமிலா யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றுக்கும் ஒன்பது கொடுப்பாள். ஜனுஷனுக்கு வீடியோ கேமைத் தவிர உலகில் எதுவும் ஐந்தைத் தாண்டாது.

ஜனுஷன் இன்னும் நமுனுகுல பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே இருக்கிறான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் போன் பேசலாம், சிக்னல் போதாமல் கேம் ஓடாது. அதற்காகவே மலைமேல் ஏறுவான். அன்று அங்கிருந்து ஒரு படம் போட்டான். தேயிலைக்கு மேலே, புல்லுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர். அதில் வானம் அழகாகத் தெரிந்தது.

"நம்ம மலைக்கும் குளம் வந்திருச்சு. புள்ளி போடுங்க."

காமிலா ஒன்பது போட்டாள். நான் சும்மா இருப்பேனா?

"இதெல்லாம் ஒரு குளமா? எருமகூட எறங்காது. ரெண்டு."

"ஒனக்குப் பொறாம, சிவானுஜா. நேத்து இல்ல, இன்னக்கி இருக்கு. அதுக்காச்சும் புள்ளி குடு."

பதில் எழுதப் போன கை நின்றுவிட்டது. நேற்று இல்லையா? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தண்ணீருக்குப் பக்கத்தில் புல் நீளமாகக் கிழிந்து சிவப்பு மண் தெரிந்தது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் லயம். ஒரு வாரமாகத் தினமும் மழை. மலை பிளந்து தண்ணீர் தேங்கினால் என்ன அர்த்தம் என்று, மீரியபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடிய பிறகு எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு நாங்கள் புள்ளி போட்டுக்கொண்டிருந்தோம்.

உடனே அப்பாவுக்குப் போன் எடுத்தேன். விஷயத்தைச் சொல்லி, "அம்மாவக் கூட்டிக்கிட்டு இப்பவே பதுளைக்கு வாங்க" என்றேன்.

"காப்புக் கட்டியாச்சும்மா" என்றார்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டி யாரும் இராத் தங்க மாட்டார்கள். அப்பா கோவில் கமிட்டித் தலைவர். அவர் அசைந்தால்தான் லயமே அசையும்.

"சாமியா வந்து மலையப் புடிச்சிக்கிட்டு நிக்கப் போகுது?" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

தவறு என்னுடையது. அவரிடம் எதைக் கேட்கக் கூடாதோ அதைக் கேட்டிருக்கிறேன். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி எடுத்தேன்.

"அப்பா, பேக்டரிக்கு அந்தப் பக்கம் மேட்டுல இருக்கிற பள்ளிக்கூடம் எல்லைக்குள்ளதானே?"

அவருக்குப் பின்னால் மழை கொட்டுவது கேட்டது.

"உள்ளதான்" என்றார்.

"அங்க படுத்தா சாமிக்குக் கோவமா?"

"அதெப்படிக் கோவம் வரும்?" குரல் இறங்கியிருந்தது. "சரி, எல்லாத்தையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஜனுஷன சாவி வாங்கிட்டு வரச் சொல்லு."

ஜனுஷன் கேமைப் பாதியில் விட்டு ஓடினான். கிராம சேவகருக்கும் அவனே சொன்னான். இருட்டுவதற்குள் எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள் என்று குழுவில் போட்டான். ஒன்றும் நடக்காமல் போனால் என்னைக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். அப்படியே ஆகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

காலையில் கடையைத் திறக்கும்போது அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"லயம் போயிருச்சும்மா. மண்ணுதான் கெடக்கு."

"ஆளுங்கப்பா?"

"எல்லாரும் இருக்கோம். ஒருத்தரும் எல்லையத் தாண்டல."

பாதி திறந்த கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.