விதைக்கு விட்ட கத்தரிக்காய்

தையல்காரி அந்த வாடகை வீட்டுக்குக் குடிவந்தபோது பின்பக்கத்தில் உடைந்த ஓடும் செங்கல் துண்டும்தான் குவிந்து கிடந்தன. வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பியை விரட்டி விரட்டி அவற்றை அள்ளிப்போட வைத்தாள். முதலில் தூவிய கத்தரி விதையை எறும்பு இழுத்துப் போய்விட்டது. அடுத்து முளைத்தவை ஈரம் அதிகமாகி, தண்டு அழுகித் தலை சாய்ந்தன.

"நாத்துதான் கடையில கிடைக்குதே, வாங்கிட்டு வாயேன்" என்றான் தம்பி.

"அந்த எறும்பையா ஜெயிக்க விடச் சொல்ற? போடா" என்றாள்.

மறுபடி ஒரு தட்டில் மண் நிரப்பி விதைத்து, அதைச் சுற்றிச் சாம்பல் போட்டு, தண்ணீரைக் கையால் தெளித்தாள். இந்தத் தடவை நாற்று நிமிர்ந்து நின்றது.

செடிகள் காய்த்ததும் மாடியில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. கூடையோடு இறங்கி வந்தாள். கேட்கவில்லை, பறித்தாள். போகப் போக நல்ல காயெல்லாம் மாடிக்கு, சொத்தைக் காய் கீழே என்று ஆகிப்போனது. காய்தானே, மறுபடி காய்க்கும் என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் நோய் அண்டாத ஒரு செடியில் ஒரு காயை மட்டும் விதைக்கு விட்டிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்காரம்மாவின் கை நேராக அதற்குத்தான் போனது.

"அம்மா, அதை விட்டுடுங்க. அது விதைக்கு."

"இவ்வளவு பெரிய காயை யாராவது முத்த விடுவாங்களா? யார் வீட்டுல நின்னு யாருக்குச் சொல்ற? இது என் மண்ணு."

தையல்காரி செடிக்கு முன்னால் போய் நின்றாள். துணி வெட்டிக்கொண்டிருந்த கத்தரிக்கோல் இன்னும் கையிலேயே இருந்தது.

"மண்ணு உங்களுதுதான், இல்லேன்னா சொன்னேன்? ஆனா நான் வர்ற வரைக்கும் இந்த மண்ணுல ஓடுதானே காய்ச்சிட்டிருந்துச்சு?"

வீட்டுக்காரம்மாவின் முகம் சிவந்தது. "வீட்டைக் காலி பண்ணு!"

"பண்றேன். காய் பழுக்கட்டும்."

மறுநாள் பின்பக்கக் குழாயில் தண்ணீர் வரவில்லை. மேலே வீட்டுக்காரம்மா வால்வை மூடிவிட்டிருந்தாள். தம்பி குழாயைத் திருகித் திருகிப் பார்த்தான். "ஒரு காய்க்காகத் தெருவுல நிக்கணுமாக்கா? ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சுது."

"எதுக்குடா மன்னிப்பு? விளைய வெச்சதுக்கா?"

பாத்திரம் அலசிய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினாள். ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால், வாளியைத் தம்பி தூக்கிக்கொண்டு போகிறான். அவளுக்கு மனசு குளிர்ந்தது.

காய் மஞ்சளாகி, பழுப்பாகி, தொட்டால் அமுங்கியது. பட்டப்பகலில், மாடியிலிருந்து நன்றாகத் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அதைப் பிளந்து தண்ணீரில் பிசைந்தாள். சதை மிதந்தது. நல்ல விதை அடியில் தங்கியது.

"பழுத்தாச்சுல்ல, எப்பக் கிளம்புற?" என்றாள் வீட்டுக்காரம்மா மேலிருந்து.

"வேற வீடு பார்த்தாச்சும்மா. அடுத்த மாசம் போறோம்."

"அப்ப இந்தச் செடியெல்லாம்?"

"இங்கேதான் இருக்கும். தண்ணி ஊத்தினா காய்க்கும். நீங்கதான் ஊத்தணும்."

அன்று சாயங்காலமே குழாயில் தண்ணீர் கொட்டியது.

"இருங்கன்னு சொல்றாங்க போலிருக்குக்கா" என்றான் தம்பி.

"வாயைத் திறந்து சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்பப் போவோம்."

குழாயை இறுக்கி மூடிவிட்டு, புது வீட்டுக் கொல்லையில் கல் பெயர்க்கக் கடப்பாரை இரவல் கேட்கத் தெருவில் இறங்கினாள்.